சாவா மூவாப் பேராடு

கொழும்பிலே வாழும் தமிழருள், ஏதேனும் ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு முறையாயினும் சென்றிராதவர் அரியர். வெள்ளவத்தையில் ஒரு மாடியறை, அல்லது கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மண்டபம், ஞாயிறு பிற்பகல், மின்விசிறியின் ஓசை, தேநீர் வரும் வழியையே நோக்கியிருக்கும் கண்கள். காரியதரிசியின் அறிக்கை வாசிக்கப்படும். அதில் ஓர் ஒற்று மிகுந்துவிட்டாலும் எழுந்து நின்று திருத்துவதற்குச் சபையிலே பண்டிதர் ஐவர் இருப்பர். அடுத்துத் தனாதிகாரி எழுவார். கணக்கறிக்கையின் பிரதிகள் கைமாறிச் செல்லும். "இதனை வாசித்ததாகக் கொள்ளலாமா?" என்று தலைவர் கேட்பார். "கொள்ளலாம்" என்று சபை ஒரே குரலில் விடையிறுக்கும். ஒருவர் பிரேரிப்பார், மற்றொருவர் ஆமோதிப்பார். ஓராண்டுக் காலத்துப் பணம் முழுவதும் அக்கணமே பழங்கதையாகிவிடும்.

இந்த நாடகத்தில் ஆறு ஆண்டுகள் தனாதிகாரி வேடம் பூண்டவன் நான். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வெண்பாவில் தளை தட்டினால் என் செவி உடனே உணரும். ஐந்தொகையில் தளை தட்டியதை ஆறு ஆண்டுகளாக என் கண் உணரவில்லை. அதனால் விளைந்தது என்ன என்பதையும், அதிலிருந்து நான் கற்றது என்ன என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். பிறரைக் குறை கூறும் நோக்கம் எனக்கில்லை. குறை என்னுடையது, பாடம் எல்லோருக்கும் உரியது.

எமது சங்கம் மிகச் சிறியது. பெயர் வேண்டாம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்து, தொழிலின் பொருட்டுக் கொழும்பிலே தங்கிவிட்ட ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சிறு வணிகர்களுமாக நாற்பது பேர் வரையில் அதன் உறுப்பினர். 2009-ஆம் ஆண்டு போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய காலத்தில், அவர்களுக்கு ஆடும் மாடும் கோழியும் வாழ்வாதாரமாக வழங்கப்பட்டதை வாசகர் அறிவர். கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், கால்நடை நின்றது. அதை நன்றாக வளர்ப்பவரைச் சபை நடுவே அழைத்துச் சிறப்பிக்க வேண்டும், நல்ல நாம்பனையும் நல்ல மறியாட்டையும் ஊரார் ஒருங்கே கண்டு தேர்ந்துகொள்ள ஒரு நாள் வேண்டும் என்று எமக்குத் தோன்றியது. கால்நடைக் கண்காட்சி ஒன்றை ஆண்டுதோறும் வன்னியில் நடத்துவதென்று தீர்மானித்தோம்.

2018-ஆம் ஆண்டு பணம் திரட்டத் தொடங்கினோம். அவ்வேளையில் கொட்டாஞ்சேனையில் சில்லறைக் கடை நடத்திவந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்து மூன்று இலட்சம் ரூபாவைக் கையிலே தந்தார். "என்ரை அம்மா ஆடு வளர்த்துத்தான் என்னைப் படிக்கவைச்சவ. முதலைத் தொடாதேங்கோ மாஸ்டர். வட்டியிலை ஒவ்வொரு வருசமும் ஒரு நல்ல மறியாட்டுக்கு அம்மா பேரிலை பரிசு குடுங்கோ" என்றார். பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமலே மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். என்மீது அவருக்கிருந்த நம்பிக்கை அத்தகையது. அந்த நம்பிக்கை எனக்கு அன்று பெருமையாக இருந்தது. இன்று எண்ணிப் பார்க்கையில், அவர் அதை ஒரு முறை படித்திருக்கலாகாதா என்று தோன்றுகிறது. பற்றுச்சீட்டில் "நன்கொடை" என்ற ஒரு சொல்லையே நான் எழுதியிருந்தேன். முதல் அழியாதிருக்க வேண்டும் என்ற அவரது நிபந்தனை என் நினைவில் மாத்திரமே இருந்தது.

பின்பு நிகழ்ந்தவை நாடறிந்தவை. 2019 ஏப்ரல் 21-ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் முதலாக நடந்த குண்டுவெடிப்புகளின்பின் எவருக்கும் கண்காட்சி நினைவில்லை. 2020-லும் 2021-லும் கொள்ளைநோய் எம்மை வீட்டுக்குள் இருத்தியது. 2022-ல் நாடே கடனிறுக்க இயலாது நின்றது. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் மாடுகளை லொறியில் ஏற்றுவதெங்ஙனம்? அவ்வாண்டு டிசம்பரில் 'மாண்டஸ்' புயலை ஒட்டி வீசிய குளிரினால் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் ஓரிரு நாட்களில் மடிந்தன. எமது சங்கம் உடனே கூடியது. வைக்கோலும் மருந்தும் வாங்கி அனுப்ப வேண்டும் என்றோம். வங்கியிலே பணம் இருந்தது. அனுப்பினோம். எவரும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவன் நான். அந்தப் பணத்தின் பெரும்பகுதி கொட்டாஞ்சேனை முதியவருடையது.

2023-ஆம் ஆண்டு ஒருவாறாகக் கண்காட்சி நடந்தது. பந்தல் நிறைந்த கூட்டம். பத்திரிகையில் படம் வந்தது. முதற்பரிசு பெற்ற மறியாட்டின் உரிமையாளர் கணவனை இழந்த ஒரு தாய். இருபத்தையாயிரம் ரூபாவுக்கான காசோலை என்று பெரிதாக எழுதிய அட்டை ஒன்றை அவர் கையிலே கொடுத்துப் படம் எடுத்தோம். உண்மைக் காசோலையை அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொன்னேன். கொழும்புக்குத் திரும்பி, லொறிக்காரருக்கும் பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தபின் வங்கிப் புத்தகத்தைப் பார்த்தேன். காசோலை எழுதப் பணமில்லை.

எட்டு மாதங்கள் கழிந்தன. அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்ன விடை என்னைச் சுட்டது: "அதுக்கென்ன மாஸ்டர், காசு வராட்டியும் ஆடு என்னோடைதானே நிக்குது."

ஆடு அவரிடம் நின்றது. எம்மிடம் ஒன்றும் நிற்கவில்லை. இந்த வேறுபாட்டை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில்தான், வகுப்பிலே பலமுறை நான் கற்பித்திருந்த ஒரு சாசனத் தொடர் புதிய பொருளுடன் என் முன் வந்து நின்றது.

சோழர் காலத்துக் கோயிற் சாசனங்களில் "சாவா மூவாப் பேராடு" என்றொரு தொடர் அடிக்கடி பயில்கிறது. இறவாத, முதுமை அடையாத பேராடுகள் என்பது பொருள். நந்தாவிளக்கு ஒன்று கோயிலில் என்றும் எரிவதற்காக ஒருவர் ஆடுகளைத் தானம் செய்வார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் வகுக்கப்பட்ட அளவு, ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். அவற்றைப் பொறுப்பேற்ற இடையர்களின் பெயர்கள் கல்லிலே வெட்டப்பட்டன. ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அவர்கள் அளந்து கொடுக்க வேண்டும். அளக்கும் கருவிக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர் இருந்தது. எமது நாட்டிலும் திருகோணமலைக்கு அண்மையில், இராசராசப் பெரும்பள்ளி எனப்பெற்ற வெல்கம் விகாரையில், விளக்குக்காகப் பசுக்கள் வழங்கப்பட்ட செய்தியைத் தமிழ்ச் சாசனங்கள் கூறுகின்றன. பௌத்தப் பள்ளியாயினும் சைவக் கோயிலாயினும் கணக்கு ஒன்றுதான்.

ஆடு சாகாதா? மூப்பு எய்தாதா? சாகும், மூப்பு எய்தும். அந்தச் சாசனத்தை எழுதியவர்கள் இதனை அறியாத பேதையர் அல்லர். இறந்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்துத் தொகை குறையாமற் காப்பது பொறுப்பேற்றவன் கடன் என்பதே அத்தொடரின் கருத்து. ஆடு மாறும், எண் மாறாது. முதலைத் தொடாதே, பலனை மட்டும் செலவிடு என்று கொட்டாஞ்சேனை முதியவர் சொன்னதும் இதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்ததை, ஒரு பற்றுச்சீட்டில் எழுதவும் நான் சோம்பினேன்.

இனி, கண்காட்சி என்பதன் பொருளாதாரத்தைச் சற்று நோக்குவோம். சந்தை வேறு; கண்காட்சி வேறு. சந்தையிலே கொள்வாரும் கொடுப்பாரும் உளர். பணம் அங்கேயே பிறக்கிறது. தமிழ்நாட்டில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையும், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் தலைமுறை தலைமுறையாக நடைபெறுகின்றன. அங்கே மாட்டைக் கொண்டுவருபவன் தன் செலவிலே கொண்டுவருகிறான். விற்றுத் தன் செலவை ஈட்டிக்கொள்கிறான். கண்காட்சியிலோ விற்பனை இல்லை. கொண்டுவருவதற்கும் நாமே செலவிட வேண்டும். வந்ததற்குத் தீனியும் தண்ணீரும் நிழலும் நாமே தர வேண்டும். கால்நடை வைத்தியரை அழைத்து நோயில்லை என்று உறுதி பெற வேண்டும். இறுதியில் பரிசும் நாமே தர வேண்டும். இவற்றுள் பெரும்பாலான செலவுகள் கண்காட்சிக்கு முன்பே உறுதியாகிவிடுகின்றன. வரவோ அந்த ஒரு நாளையே நம்பியிருக்கிறது. அன்று மழை பெய்தால் வரவு கரையும்; செலவு கரையாது.

இஃது எம்போன்ற ஏழைச் சங்கங்களின் துன்பம் மட்டுமே என்று கருதவேண்டாம். இங்கிலாந்தில் 1838-ல் தோன்றி, 1840-ல் அரச பட்டயம் பெற்ற விவசாயச் சங்கம் ஒன்று உண்டு. 1839-ல் ஒக்ஸ்போர்டில் முதற் கண்காட்சியை நடத்திய அச்சங்கம், ஆண்டுதோறும் ஒவ்வோர் ஊராகச் சென்று கால்நடைக் கண்காட்சி நடத்திற்று. அழைத்த ஊரார் இடமும் உதவியும் நல்கினர். 1879-ல் லண்டனின் கில்பர்ன் பகுதியில் நடந்த கண்காட்சிக்கு 1,87,000 பேருக்கு மேல் வந்தனர். மிகப் பெரிய கூட்டம். ஆயினும் மழையும் சேறும் சேர்ந்து, கணக்கை முடித்தபோது 15,000 பவுணுக்கு மேல் நட்டம்! கூட்டத்தின் பெருமை வேறு, கணக்கின் நிலை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதன் பின்னும் ஒரு பிழை செய்தனர். ஊர் ஊராகச் சுற்றுவதை விடுத்து நிலையான இடம் ஒன்றை அமைத்துக்கொண்டால் மதிப்பு உயரும் என்று எண்ணி, லண்டன் நகருக்கு வடமேற்கே பார்க் ரோயல் என்னுமிடத்தில் நிலம் வாங்கினர். 1903-ல் ஏறக்குறைய 65,000 பேர் வந்தனர். 1905-ல் வந்தவர் 24,000 பேரளவினரே. சங்கம் முறியும் நிலையை எய்திற்று. நிலத்தை விட்டுவிட்டு, 1906-ல் டார்பி நகரிலே மீண்டும் பழைய வழிக்குத் திரும்பியே அது உயிர் தப்பியது. 1963 முதல் ஸ்டோன்லி என்னுமிடத்தில் மறுபடியும் நிலைகொண்டு, செலவைத் தாங்கமாட்டாமல் 2009 ஜூலையுடன் அக்கண்காட்சியை நிறுத்திவிட்டது. அரச பட்டயம் பெற்ற சங்கத்தின் கதி இது. இடையிலே 2001-ல் கோமாரி நோய் பரவி அந்நாட்டில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டபோது, நாடெங்கும் கண்காட்சிகள் நின்றன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கால்நடையை நம்பிய சங்கத்துக்கு மழை ஒரு பகை. நோய் மற்றொரு பகை.

எமது நாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. 1904-ல் ஆளுநர் சேர் ஹென்றி பிளேக்கின் ஆட்சிக் காலத்தில் இலங்கை விவசாயச் சங்கம் நிறுவப்பட்டது. ஊர்தோறும் விவசாயக் கண்காட்சிகளை நடத்துவது அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. அரசாங்கத்தின் கை அதற்குப் பின்னே இருந்தது. 1912-ல் விவசாயத் திணைக்களமே அமைக்கப்பட்டது. எம்போன்ற சிறு சங்கத்துக்குப் பின்னே அரசாங்கத்தின் கை இல்லை. சந்தாவும் நன்கொடையுமே உண்டு. ஆதலால் அவர்கள் செய்த பிழையைத் தாங்கும் வலிமையும் எமக்கு இல்லை.

தமிழ்நாட்டுக் கொங்கு நாட்டிலிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு. காங்கேயம் மாட்டினத்தைக் காப்பதற்கென்று குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இயங்கிவருகிறது. கன்றாக இருக்கையில் செந்நிறமும், வளர்ந்தபின் வெண்சாம்பல் நிறமும் பெறும் அம்மாடுகள், கிளுவை வேலியிட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்வன. அவ்வட்டாரத்தில் கண்காட்சி மாத்திரம் நடந்திருந்தால் அது ஒரு நாட்கூத்தாகவே முடிந்திருக்கும். பழையகோட்டையில் அம்மாடுகளுக்கென்றே சந்தையும் கூடுகிறது. பரிசு பெற்ற மாட்டைக் கண்ட கண், அதன் கன்றை வாங்குவதற்கும் வழி இருக்கிறது. சந்தையின் தோளிலே கண்காட்சி நிற்கும்போது அதன் சுமை குறைகிறது. எமது கண்காட்சியிலோ, "இந்த ஆட்டின் குட்டி கிடைக்குமா?" என்று கேட்டவர்கள் பலர், அவர்களுக்கு விடை சொல்ல ஒரு மேசை போடவும் எமக்குத் தோன்றவில்லை. மலர் வெளியிடுவதற்கு மாத்திரம் தோன்றியது.

மலர் என்றவுடன் வாசகர் புன்முறுவல் பூப்பர் என்பதை அறிவேன். இலக்கிய உலகினராகிய எமக்கு எதை நடத்தினாலும் ஒரு மலர் வேண்டும். அதில் வாழ்த்துச் செய்தி ஆறும் கவிதை நான்கும் வேண்டும். வந்தவர்க்கெல்லாம் பொன்னாடை வேண்டும். மலருக்கு விளம்பரம் சேர்த்து அதன் இலாபத்தில் கண்காட்சி நடத்துவதாகத் திட்டம். விளம்பரம் தந்தவர்களுட் சிலர் பணம் தரவில்லை. அச்சகத்துக்கோ முழுப்பணமும் கொடுத்தோம். அந்த மலரிலே ஆட்டைப் பற்றிய கட்டுரைகளைவிட எம்மைப் பற்றிய பக்கங்களே மிகுதி. ஒரு தாயின் பரிசு எங்கே போயிற்று என்று என்னை எவரேனும் கேட்டால், அந்த மலரின் ஒரு பிரதியை எடுத்துக் காட்டலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாம் ஒருவரும் திருடவில்லை. கணக்கிலே ஒரு சதமும் பொய்யில்லை. கணக்குப் பரிசோதகர் ஒவ்வோராண்டும் கையொப்பமிட்டார். எனினும் பணம் அழிந்தது. இரு வழிகளில் அழிந்தது. ஒன்று, பரிசுக்குரிய பணமும் பந்தலுக்குரிய பணமும் ஒரே வங்கிக் கணக்கிலே கலந்து கிடந்தமை. கலந்த பணத்துக்கு உரிமையாளன் இல்லை. அவசரம் எதுவோ அதுவே அதன் உரிமையாளன். மற்றொன்று, பணத்தின் மூப்பு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. 2018-ல் முதியவர் தந்த மூன்று இலட்சத்தை நான் கண்போலக் காத்திருந்தாலும், 2023-ல் அது வாங்கக்கூடியது ஏறக்குறையப் பாதியாகவே இருந்திருக்கும். ரூபா மூவாப் பேராடு அன்று. அது விரைவிலே கிழடாகும். வட்டி முழுவதையும் பரிசாகக் கொடுத்துவிட்டு முதல் அழியவில்லை என்று மகிழ்வது, குட்டி அனைத்தையும் விற்றுவிட்டுக் கிழட்டாட்டை எண்ணிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். வட்டியின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கவேண்டும் என்பதை இடையன் அறிந்திருந்தான்; நான் அறிந்திருக்கவில்லை.

"தொண்டுக்குக் கணக்குப் பார்ப்பதா? மனம் தூயதாக இருந்தால் போதாதா?" என்று அன்பர் சிலர் வினவுவர். இது கேட்பதற்கு இனிய வார்த்தை. ஆனால் எமது முன்னோர் அவ்வாறு கருதவில்லை. உத்தரமேரூர்ச் சாசனங்கள், முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறைக்குப் புகழ் பெற்றவை. மேடைதோறும் நாம் அவற்றைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அவற்றிலுள்ள ஒரு விதியை மட்டும் விட்டுவிடுகிறோம்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிவாக முடியாது, அவருடைய உறவினரும் முடியாது. மனத்தூய்மையைச் சோதிப்பதற்கு அவர்களிடம் கருவி இல்லை. கணக்கைச் சோதிப்பதற்கு இருந்தது. ஆகவே சோதிக்கக்கூடியதையே சோதித்தார்கள்.

"நன்கொடை தருபவர்கள் ஆட்டுக்குத் தருவார்கள், கணக்கெழுதுபவனுக்குத் தருவார்களா?" என்பது மற்றொரு வினா. இது நேர்மையான வினா. தரமாட்டார்கள் என்பது உண்மையே. பந்தலுக்கு ஒருவர் பணம் தருவார், தம் பெயரைப் பந்தலில் காணலாம். பரிசுக்கு ஒருவர் தருவார், தாமே வழங்கலாம். கணக்குப் புத்தகத்தின் அட்டையில் எவர் பெயரைப் பொறிப்பது? ஆயினும் கொடையாளர்களுக்கு ஒன்று கூறுவேன். பரிசுக்கு நூறு ரூபா தரும்போது, அந்த நூறைக் காப்பதற்குரிய பத்தையும் மனமுவந்து தாருங்கள். அதை மறுத்தால், உங்கள் நூறைக் காவலின்றித் தெருவிலே விட்டுச் செல்கிறீர்கள். பட்டிக்கு வேலி இல்லாமல் ஆட்டை மட்டும் தானம் செய்வது போன்றது அது.

இவ்வளவும் சொன்னபின், என்ன செய்யலாம் என்று சொல்லாமல் முடிப்பது முறையன்று. என் எண்ணத்தில் உள்ளவை எளியவை.

முதலாவது, நிபந்தனையுடன் வந்த பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. நிபந்தனை பற்றுச்சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். புயல் வந்தாலும், பஞ்சம் வந்தாலும், அதைத் தொடுவதற்குத் தந்தவரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். 2022 டிசம்பரில் நான் அந்த முதியவரைக் கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். கேளாமல் எடுத்ததுதான் பிழை. நன்மைக்காக எடுத்தோம் என்பது அதனை மாற்றாது.

இரண்டாவது, கணக்கறிக்கை ஒரே பக்கத்தில், நல்ல தமிழில், சபையிலே வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். "வாசித்ததாகக் கொள்ளுதல்" ஒழிய வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறது, அதில் எமது எவ்வளவு, பிறருக்குரியது எவ்வளவு, யாருக்கு இன்னும் கொடுக்கவேண்டும் என்ற நான்கு வினாக்களுக்கும் அதில் விடை இருக்கவேண்டும். இன்று பல சங்கங்கள் 1980-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்கின்றன. அதற்குரிய படிவங்களை நிரப்பி அனுப்புகின்றன. படிவம் அரசாங்கத்துக்கு; வாசிப்பு உறுப்பினர்க்கு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

மூன்றாவது, ஒரு கண்காட்சியின் செலவு முழுவதையும் மழையிலே இழந்தாலும் சங்கம் நிற்கும் என்ற நிலை வந்தபின்பே பந்தலுக்குக் கால் நட வேண்டும். அதுவரை சிறிதாகச் செய்வோம். ஒரு மரநிழல், பத்து ஆடுகள், ஒரு வைத்தியர், குட்டி விற்பதற்கு ஒரு மேசை. மலர் வேண்டாம்.

நான்காவதாக, பணத்துக்குப் பதிலாக ஆட்டையே பரிசாகக் கொடுப்பது பற்றிச் சிந்திக்கலாம். 1944-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஹைஃபர் என்னும் தொண்டு நிறுவனம், கிடாரியைப் பெற்றவர் அது ஈனும் முதற் பெண்கன்றை மற்றொரு குடும்பத்துக்கு வழங்க வேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டு வருகிறது. புதிய முறை என்று அதை உலகம் பாராட்டுகிறது. எமது சாசனங்களைப் படித்தவனுக்கு அது புதிதன்று. ஆனால் அதற்கும் ஓர் ஏடு வேண்டும். எந்த ஆடு யாரிடம் உள்ளது, எத்தனை ஈன்றது என்று எழுதி வைக்கும் கை வேண்டும். கல்லில் வெட்ட வேண்டாம். நாற்பது பக்க அப்பியாசப் புத்தகம் போதும்.

அந்தத் தாய்க்குரிய இருபத்தையாயிரம் ரூபாவையும், எட்டு மாதங்களின் பின், உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துச் செலுத்தினோம். அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு இடமில்லை. கொட்டாஞ்சேனை முதியவர் இடையிலே காலமாகிவிட்டார். அவருடைய மூன்று இலட்சம் இன்னும் நிரப்பப்படவில்லை.

அடுத்த மாதம் எமது சங்கம் மீண்டும் கூடுகிறது. இரண்டாவது கண்காட்சியை முன்னதைவிடப் பெரிதாக நடத்தவேண்டும் என்ற பிரேரணை வந்திருக்கிறது. இளைஞர் பலர் ஆர்வமாக உள்ளனர். கடன் வாங்கியாவது நடத்தலாம் என்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அவர்களிற் சிலர் என் மாணாக்கர். ஆயினும் முதியவரின் பணம் தனிக் கணக்கிலே முழுமையாக நிறையும்வரை கண்காட்சி வேண்டாம் என்றே நான் வாக்களிப்பேன். தோற்கக்கூடும். தோற்றாலும், அன்று கணக்கறிக்கையின் முறை வரும்போது, "வாசித்ததாகக் கொள்ளலாமா?" என்று தலைவர் கேட்கும்போது, "கொள்ளலாகாது, வாசியுங்கள்" என்று எழுந்து சொல்ல ஒருவன் இருப்பான்.

இதனைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஏதேனும் ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பீர்கள். நூல்நிலையமாகலாம்; பழைய மாணவர் சங்கமாகலாம்; இலக்கிய வட்டமாகலாம். அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செல்லும்போது, தேநீர் வருமுன், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எமது ஆடுகள் எத்தனை?"